எண்ணெயை விடாத மண்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எங்கள் நிலத்தில் நடந்ததை யாராவது கேட்டால் என் மனைவிதான் சொல்வாள். நன்றாகவே சொல்வாள். ஆனால் குழிக்குள் இறங்கி அந்த மண்ணை முகத்துக்கு நேராகப் பார்த்தவன் நான். அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் ஜேசிபி ஓட்டுகிறேன். வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் இன்று நிற்கிற கம்பெனிகள் சிலவற்றுக்கு முதல் மண்ணை அள்ளியது என் வண்டி. கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் களிமண் ஆகாது. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், மேலே போட்ட தளம் விரிசல் விடும். கறுப்பு மண் கண்ணில் பட்டாலே சைட் சூப்பர்வைசர், "பிளாக் காட்டன் கீது பார், மொத்தத்தையும் தூக்கிடு" என்பார். தூக்குவேன். டிப்பர் வந்து வாரிக்கொண்டு போகும். அந்த இடத்தில் சிவப்புக் கிராவல் வந்து விழும். வயசுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வேலை என்பதால், களிமண் என்றால் கெட்ட மண் என்று மனசில் பதிந்துபோயிருந்தது.

எங்களுக்கென்று மிச்சம் இருப்பது வீட்டை ஒட்டிய அரை ஏக்கர். அதன் தாழ்ந்த மூலையில் கிணறு இருக்கிறது. எங்கள் வீட்டோடு சேர்த்து நாலு வீட்டுக்கு அந்தத் தண்ணீர்தான். பஞ்சாயத்துக் குழாய் வந்தால் உண்டு. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள்கூடச் சோறு வடிக்க இந்தக் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். நிலத்தின் மேல் கோடியில் தார் ரோடு வளைகிறது. கம்பெனிகளுக்குப் போகும் லாரிகள் அந்த வளைவில்தான் திரும்பும்.

சென்ற ஐப்பசியில், பழைய ஆயில் டிரம்களை ஏற்றி வந்த ஒரு லாரி அங்கே சாய்ந்துவிட்டது. டிரைவர் கையில் சிராய்ப்போடு தப்பித்தார். டிரம்கள் உருண்டு எங்கள் வரப்பைத் தாண்டி விழுந்து சில உடைந்தன. மெஷின்களுக்குள் ஓடி ஓடிக் கறுத்துப்போன எண்ணெய். நான் வேலை முடிந்து வந்தபோது என் மனைவி கிணற்றடியில் நின்று மேல் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா, கம்முனு நின்னுகினு கீற? எதுனா சொல்லு" என்றாள்.

நான் மேல் கோடிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"இது கெணத்துல எறங்குச்சின்னா நாலு வூட்லயும் உலை வைக்க முடியாது. மூட்டையக் கட்டிக்கினு கெளம்ப வேண்டியதுதான். எங்க போறது? சொல்லு, எங்க போறது?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் கிடந்த இடம் மேடு. கிணறு பள்ளத்தில். மழை வேறு பிடித்துக்கொள்ளும் மாதம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மண் வேலை செய்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரிக்காரர்கள் மறுநாளே ஆள் அனுப்பினார்கள். மரத்தூளைக் கொட்டி, மேலே தேங்கி நின்ற எண்ணெயை ஒற்றி அள்ளிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் போனதைப் பார்க்க மண் பரிசோதனை செய்கிற இடத்திலிருந்து ஆள் வரும், அதுவரை யாரும் எதையும் தொடாதீர்கள், கிணற்றையும் புழங்காதீர்கள் என்று சொன்னார்கள். அன்று பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. மேல் கோடியில் நின்றால் மூக்கைத் துளைக்கும் நாற்றம். நாலு வீட்டுப் பெண்களும் பக்கத்துத் தெருவுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறான். ஷிஃப்ட் முடிந்து ஒரு மாலை வண்டியில் இரண்டு பெரிய கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தரை கழுவுகிற சோப்பு. கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் கடையில் வாங்கியது.

"மாமா, எங்க லைன்ல தெனிக்கும் ஆயில் ஊத்திக்குது. இத்த ஊத்தி ஒரு தேய்ப்பு தேய்ச்சா தரை கண்ணாடி மாரி ஆயிடும். உன் மண்ணு இன்னா, அதவுட ஒஸ்தியா?"

"எதுவும் செய்யாதேன்னு சொல்லிக்கீறாங்கடா" என்றாள் என் மனைவி.

"அவுங்க வர்றதுக்குள்ள ஆயிலு கெணத்துல குளிச்சிட்டு ஈரத்துணியோட வெளிய வந்துடும்க்கா."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் அவன் சொன்னது சரியாகவே பட்டது. நாலு வீட்டிலும் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போகிறவர். எண்ணெய் கொட்டினால் சோப்பு ஊற்ற வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் கை பழகிய காரியம். மச்சான் ரோட்டோர மூலையில் ஒரு கேனைக் கவிழ்த்தான். நான் மோட்டார் போட்டு ஹோஸ் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கியது. பழுப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த மூலையில் நாற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது.

"பாத்தியா?" என்று மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இரண்டாவது கேனை மறுநாள் மற்ற இடமெல்லாம் ஊற்றுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை அவன் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது ஸ்கூட்டியில் ஒரு அம்மா வந்து இறங்கினார். முப்பது வயசு இருக்கலாம். பேச்சைக் கேட்டதும் தெற்கத்திக்காரர் என்று தெரிந்தது. மண் பரிசோதனைக்கு வந்தவர் அவர்தான். எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டோம்.

வரப்பில் ஒட்டியிருந்த நுரையை அவர் குனிந்து பார்த்தார். "இது என்னது?"

மச்சான் பெருமையாகச் சொன்னான். கேட்டுவிட்டு அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அந்த மூடியை முதல்ல மூடுங்க. இனிமே ஒரு சொட்டு விழக் கூடாது."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, மம்பட்டி இருக்கா? இரண்டு குழி வெட்டணும். இங்கன ஒண்ணு, அந்தச் சோப்பு ஊத்துன இடத்துல ஒண்ணு" என்றார். ஜேசிபி நிற்கிறதே என்று கையைக் காட்டினேன். வேண்டாம், மண் கலையாமல் அடுக்கு அடுக்காகத் தெரிய வேண்டும் என்றார்.

சோப்பு படாத இடத்தில் முதலில் வெட்டினேன். இடுப்பளவு இறங்கியதும் குழியின் ஒரு பக்கத்தை மேடம் கத்தியால் சீவச் சொன்னார். சீவினேன். பிறகு குழிக்குள் உட்கார்ந்து பார்த்தேன்.

மேலே ஒரு சாண் மண் பளபளவென்று எண்ணெய்க் கறுப்பு. அதற்குக் கீழே அதே கறுப்பு மண், ஆனால் பளபளப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல இருந்தது. மேடம் கீழ் மண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்து, "மோந்து பாருங்க" என்றார். முகர்ந்தேன். வெறும் மண் வாசனை. எண்ணெய் நாற்றம் துளிகூட இல்லை. இத்தனை நாள் இதன் மேல் பெய்த மழை எவ்வளவு! அவ்வளவு தண்ணீரும் இந்த எண்ணெய்க்குள் நுழைந்து, இந்த மண்ணுக்குள் இறங்கிப் போயிருக்கிறது. எண்ணெய் மட்டும் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது. யார் பிடித்தது அதை? எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எத்தனையோ ஆயிரம் குழி வெட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரண்டாவது குழி வேறு மாதிரி. அங்கே கோடு இல்லை. மேலிருந்து எண்ணெய்க் கறுப்பு விரல் விரலாகக் கீழே நீண்டிருந்தது. கறுப்பு மண்ணைத் தாண்டி, அடியில் இருக்கும் மஞ்சள் களியின் வெடிப்புகளுக்குள் புகுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கிராவல் மண். கிணற்றுக்கு ஊற்று வருவது அந்தக் கிராவலில்தான்.

மச்சான் எட்டிப் பார்த்தான். சோப்புக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்த் தள்ளி வைத்தான்.

"உங்க மண்ணு அதைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. சோப்பு போய் கையைப் பிரிச்சு விட்ருச்சு" என்றார் மேடம்.

என் மனைவிக்குக் கோபம் தம்பியின் மேல் பொங்கியது. ஆனால் கேட்டது வேறு. "மண்ணு எப்டி மேடம் புடிக்கும்? அதுக்கு கையா கீது?"

"அக்கா, பிளாஸ்டிக் டப்பாவுல சாம்பார் கொண்டு போனா என்ன ஆகும்?"

"மஞ்சளாப் பூடும். எண்ணெப் பிசுக்கு ஒட்டிக்கினு எத்தினி தண்ணி ஊத்தினாலும் போவாது."

"ஏன் போவாது? எண்ணெய்க்குத் தண்ணியோட இருக்கப் பிடிக்காது. தன்னை மாதிரி ஒண்ணைக் கண்டா அதுக்குள்ள போய் ஒட்டிக்கும். இந்த மண்ணுல இலை, தழை, சாணி எல்லாம் மக்கிக் கறுப்பாக் கிடக்குல்லா? அதுதான் எண்ணெய்க்குப் பிடிச்ச இடம். தண்ணி ஓடினாலும் அது வெளிய வராது. நீங்க சோப்பு போட்டா டப்பா பிசுக்கு விட்டுப் போவுமே, அதே மாதிரி இங்கயும் விட்ருச்சு. டப்பா கழுவுன தண்ணி சாக்கடைக்குப் போகும். இது எங்க போகும்?"

எல்லோரும் கிணற்றைப் பார்த்தோம்.

மண் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று மேடம் கேட்டார். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் அள்ளி வந்து நிலத்தில் அடிப்பது இந்தப் பக்கம் வழக்கம். என் அப்பா மாட்டுவண்டியில் அடித்தார், நான் டிப்பரில் அடித்தேன். புழுக்கை மண்ணில் சேரட்டும் என்று ஆட்டுக்கிடையும் போடுவோம். நெல்லுக்கு என்று போட்டது. இதை என் மனைவி எனக்காகச் சொன்னாள்.

"ஏரி வண்டல்னா அதுல பாதி களி. அதுவும் சேர்ந்துதான் காப்பாத்திருக்கு" என்றார் மேடம். பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். நீலச் சாயம்.

"துணிக்குப் போடற நீலமா?" என்றாள் மனைவி.

"இல்லக்கா, இது லேப்ல வச்சிருக்கது. நாக்குல வச்சுப் பாத்துராதீங்க."

இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரண்டிலும் சாயத்தைச் சொட்டினார். இரண்டும் ஒரே நீலம். ஒன்றில் ஒரு கை எம்-சாண்ட் போட்டார். இன்னொன்றில் எங்கள் நிலத்தின் நல்ல மண்ணை ஒரு கை போட்டார். மூடிக் குலுக்கி வரப்பில் வைத்துவிட்டு, "டீ கிடைக்குமாக்கா?" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். மணல் போட்ட பாட்டிலில் மணல் அடியில் கிடந்தது, தண்ணீர் அதே நீலம். மண் போட்ட பாட்டிலில் மண் அடியில் படிந்திருந்தது. மேலே நின்ற தண்ணீரில் நீலம் இல்லை. எங்கே போயிற்று? பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். மெதுவாக ஆட்டியும் பார்த்தேன். மண்ணோடு போனது மண்ணோடுதான் இருந்தது.

மச்சான் என் காதருகே, "மாமா, மேஜிக்கு" என்றான்.

மேடம் சிரித்தார். களிமண்ணின் ஒவ்வொரு பொடியும் காகிதத்தைவிட மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அந்தத் தகடுகளுக்கு ஒரு இழுப்பு உண்டு, சாயம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பூச்சிமருந்து சிலதும் அப்படித்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, இதுல நல்லா உப்புற வகைக் களி இருக்கு. அதுல ஒரு ஸ்பூன் எடுத்து, தகடு தகடாப் பிரிச்சு இரண்டு பக்கமும் கணக்குப் பண்ணுனா, உங்க அரை ஏக்கரை மூடிரும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீழே குனிந்து கையிலிருந்த மண்ணைப் பார்த்தேன். ஒரு ஸ்பூனுக்குள் என் நிலம் முழுவதும். அப்படியானால் என் வண்டி ஒரு தரம் வாய் திறந்து மூடினால் அதற்குள் எத்தனை ஊர்! இத்தனை வருஷம் தூக்கித் தூக்கி டிப்பரில் போட்டது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய ஏரிக்கரையில் முதல் தடவை நிற்கும்போது கால் கொஞ்சம் கூசுமே, அதுபோல இருந்தது அந்த வரப்பில் நிற்பதற்கு.

"அப்டீன்னா இன்னா கொட்னாலும் புடிச்சுக்குமா?" என்று மச்சான் கேட்டான்.

"பிடிக்காது தம்பி. உப்பு, ஸ்பிரிட்டு மாதிரி தண்ணியோட நல்லாக் கலந்து போறதை விட்ரும். பிடிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. மேல மேல ஊத்துனா அதுவும் என்ன செய்யும்? இப்ப அந்த மூலைதான் பிரச்சினை. சோப்போட கீழ போனது கிராவலைத் தொடுறதுக்கு முன்னாடி எடுத்துரணும். மழை வர்றதுக்குள்ள."

செம்பரம்பாக்கம் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

வண்டியில் ஏறினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் பக்கெட்டை இறக்கியதில்லை. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று சீவி எடுத்தேன். ஒவ்வொரு தரமும் மச்சான் குழிக்குள் இறங்கி மண்ணை முகர்ந்தான். கொஞ்ச நேரத்தில், "எனக்கு எல்லாமே ஆயிலாத்தான் மாமா நாறுது" என்றான். மேடமும் அப்படியே சொன்னார். அதிலேயே நின்றால் மூக்கு மரத்துவிடுமாம். சோதனைக்கு மண் எடுத்துக்கொண்டாலும் அதன் முடிவு வர நாளாகும், மழை அதுவரை காத்திருக்காது. அதனால் என் மனைவியை வீட்டுக்குள் போய் உட்காரச் சொன்னார். ஒரு அடுக்கு எடுத்ததும் கூப்பிடுவோம். அவள் வந்து ஒரு தரம் முகர்ந்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும்.

"கீது" என்பாள். போவாள். மறுபடி எடுப்பேன்.

"கீது."

"அக்கா, நல்லா மோந்து பாத்துச் சொல்லு" என்பான் மச்சான்.

"உன் சோப்பு வாசனைகூட கீதுடா. வச்சுக்கினு தலை குளி."

மஞ்சள் களி வந்தது. வெடிப்புகளில் கறுப்பு இழை இழையாக ஓடியது. அதைத் தொடர்ந்து எடுத்தேன். இழை மெலிந்தது. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. அடியில் கிராவலின் சிவப்பு தெரிந்துவிடுமோ என்று பக்கெட்டை இன்னும் மெதுவாக இறக்கினேன். தெரிந்தால் முடிந்தது. நாலு வீடும் முடிந்தது.

மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். மச்சான் களியில் ஒரு கட்டியைப் பெயர்த்துக் கொடுத்தான். முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "ஒண்ணியும் இல்ல."

மேடம் இறங்கி அந்த அடியிலிருந்து மண் எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டார். கிராவலுக்கு மேல் மஞ்சள் களி இன்னும் ஒரு முழத்துக்கு இருந்தது. எடுத்த மண்ணை லாரிக்காரர்களின் டிப்பர் தார்ப்பாய் மூடிக்கொண்டு போயிற்று. குழியைக் களியும் வண்டலும் போட்டு இறுக்கி மூடினேன். அதற்குப் பிறகுதான் மழை சரியாகப் பிடித்தது.

மற்ற இடத்தில் இருந்த எண்ணெய் மண்ணை அங்கேயே விட்டுவிடச் சொன்னார் மேடம். சாணியும் வைக்கோலும் போட்டுக் கிளறிவிட்டால், பிடித்து வைத்ததை மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை அங்கே எதையும் விளைவித்துச் சாப்பிடக் கூடாது என்றார். சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். எண்ணெய் இல்லை என்று போன் வந்தது. என் மனைவி நம்பவில்லை. மழைக்காலம் முழுக்க வெளியிலிருந்தே தண்ணீர் சுமந்தாள். மார்கழி கடைசியில் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. இனிப் புழங்கலாம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம்.

அன்று நாலு வீட்டாரும் கிணற்றடியில் கூடிவிட்டார்கள். மனைவி ஒரு குடம் சேந்தி வைத்தாள். யாரும் தொடவில்லை.

"மாமா, நீ மொதல்ல குடி. நீதான் டிரைவரு" என்றான் மச்சான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்காத விஷயம். ஆனாலும் சொம்பை வாங்கிக் குடித்தேன். பழைய தண்ணீர்தான். என் மனைவி என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

இந்த ஆடியில் நல்ல மழை. நேற்றும் மேல் கோடியில் போய் நின்றேன். எண்ணெய் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. காலால் கிளறினால் இலேசாக வாசனை வருகிறது. வானத்திலிருந்து விழுகிற தண்ணீர் அதன் ஊடாகத்தான் இறங்குகிறது. இறங்கி, களியைக் கடந்து, கிராவலில் ஓடி, எங்கள் கிணற்றுக்கு வருகிறது. வரும்போது சுத்தமாக வருகிறது. காலுக்கு அடியில் இரவும் பகலும் இது நடக்கிறது. சத்தமே கேட்கவில்லை.

11 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை.